கூடையின் எடை

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)



செயற்குழுவினர் எமக்குப் பேசத் தந்த பொருள் ‘கூடை’. முன்பு பேசியவர்களுக்குப் பக்தி என்றும் தேசம் என்றும் பெரிய பொருள்களைக் கொடுத்தவர்கள், எமது முறை வந்ததும் ஒரு கூடையை எடுத்து நீட்டிவிட்டார்கள். பல்கலைக்கழகத்தில் எம்முடன் படிக்கும் நண்பர்களிடம் இதைச் சொன்னபோது அவர்கள் சிரித்தார்கள். நாமும் சேர்ந்து சிரித்தோம். ஆனால் இரண்டு கிழமை அந்தக் கூடையைச் சுமந்து திரிந்தபின் சிரிப்பு அடங்கிவிட்டது. நம் மலைநாட்டு வாழ்வில் பாதி அதற்குள் கிடக்கின்றது என்பதைக் கண்டுகொண்டோம்.

முதலில் நம் ஊரிலிருந்தே தொடங்குவோம். இலங்கையின் புகையிரத நிலையங்களுள் மிக உயரத்தில் இருப்பது இந்தப் பட்டிப்பொல நிலையம். கடல் மட்டத்துக்கு மேல் 1,891 மீட்டர். இங்கிருந்து ஒஹியாவை நோக்கிச் சற்றுப் போனால் பாதையின் உச்சி. அது 1,898 மீட்டர். நானுஓயாவுக்கு 1885 இல் வந்த பாதை பண்டாரவளையை எட்டியது 1894 இல். அந்த ஒன்பது ஆண்டுகளுக்குள்ளேதான் பாறையும் பனியும் நிறைந்த இந்த மலையை வெட்டிக் கடந்தார்கள். வெட்டிய மண்ணை வாரிக் கொட்டுவதற்கு அக்காலத்துக் கூலியாளிடம் இருந்தது மண்கூடை. வண்டியில் ஏறி யன்னல் ஓரத்தில் இருந்துகொண்டு பள்ளத்தாக்கைப் பார்த்து மகிழும் நாம், எத்தனை கூடை மண்ணின்மேல் இருந்துகொண்டு பார்க்கின்றோம் என்று நினைப்பதில்லை.

நிலையத்துக்கு வெளியே வந்தால் மரக்கறி மூட்டைகள். நம் ஊரில் தேயிலையைவிடக் காடும் மரக்கறித் தோட்டமுமே அதிகம் என்பதை நீங்கள் அறிவீர்கள்; கீழே இறங்க இறங்கத்தான் தேயிலை. லீக்சும் கரட்டும் கோவாவும் சாக்கில் திணிக்கப்பட்டு, லொறியில் ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்றப்படுகின்றன. அடியில் கிடப்பது நசுங்குகின்றது, நசுங்கியது வேர்க்கின்றது, வேர்த்தது அழுகுகின்றது. மரக்கறியைச் சாக்கில் கட்டாமல் பிளாஸ்டிக் கூடைப்பெட்டிகளில்தான் ஏற்றவேண்டும் என்று 2011 இல் அரசு கட்டாயப்படுத்தியபோது, விவசாயிகளும் வியாபாரிகளும் எதிர்த்தார்கள். பெட்டிக்குப் பணம் வேண்டும். லொறியில் அது இடத்தை அடைத்துக்கொள்ளும். வெறும் பெட்டியைத் திரும்பக் கொண்டுவரக் கூலி வேண்டும். அவர்கள் சொன்னதிலும் நியாயம் உண்டு. ஆயினும் கரட்டுக்கும் காற்று வேண்டும் என்ற உண்மையை அந்த நியாயம் மாற்றிவிடாது.

கூடை என்பது யாது? பானையும் ஒரு பொருளைத் தாங்குகின்றது, பெட்டியும் தாங்குகின்றது. ஆனால் அவை அடைத்துத் தாங்குகின்றன. கூடையோ உடம்பெல்லாம் கண்ணாக இருந்துகொண்டு தாங்குகின்றது. வேண்டியது உள்ளே தங்கும். காற்றும் நீரும் போய்வரும். இந்த ஓர் இலட்சணத்தை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால் கூடைகள் எங்கும் தென்படும். பூசைக்குப் பூக்கொய்யும் குடலை, யாழ்ப்பாணத்தார் பிட்டு அவிக்கும் நீத்துப்பெட்டி, கோழியைக் கவிழ்த்து மூடும் பஞ்சாரம், ஓடையில் மீன் பிடிக்கும் பறி ஆகிய யாவும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. நம் நெஞ்சைக் காக்கும் விலா எலும்புகளையும் விலாக்கூடு என்றுதான் சொல்கின்றோம். அது அடைத்த பெட்டியாக இருந்திருந்தால் நாம் மூச்சு விடுவது எப்படி?

இயற்கை செய்த கூடைகளுள் எமக்கு மிகப் பிடித்தது தேனீயின் கூடை. வேலைக்காரத் தேனீயின் பின்னங்காலில், வெளிப்புறமாக, ஒரு சிறு குழிவு உண்டு. அதன் ஓரங்களில் வளைந்த மயிர்கள் வேலி போல நிற்கும். பூவில் உடம்பெல்லாம் ஒட்டிக்கொண்ட மகரந்தத்தைக் கால்களால் சீவியெடுத்து, சிறிது தேன் சேர்த்துப் பிசைந்து, அந்தக் குழிவில் அழுத்தி வைத்துக்கொண்டு அது பறக்கின்றது. விஞ்ஞானிகள் அதற்கு வைத்திருக்கும் பெயரே மகரந்தக் கூடை என்பதுதான். இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். ராணித் தேனீக்கு அந்தக் கூடை இல்லை. ஆண் தேனீக்கும் இல்லை. வேலை செய்யும் பெண்ணுக்கு மட்டுமே உண்டு. தேயிலை மலையைப் பார்த்துத்தான் தேனீக்கள் கற்றனவோ, தேனீயைப் பார்த்துத் தோட்டத்தைத் தொடங்கிய துரைமார் கற்றனரோ, நாம் அறியோம். (தாய்மார்கள் சிரிக்கின்றார்கள், முன்வரிசையிலுள்ள பெரியோர் சிரிக்கவில்லை.) கூடை சுமக்கும் அந்தப் பூச்சியும் கூடை சுமக்கும் நம் பெண்களும் ஒரே மலையில் வேலை செய்யும்போது, கூடு கலைந்தால் கொட்டு வாங்குபவர்கள் நம் பெண்கள்தான். குளவி கொட்டி வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார்கள் என்ற செய்தி இல்லாத மாதம் மலைநாட்டில் குறைவு.

தூக்கணாங்குருவியைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. அது நம் குளிருக்கு வருவதுமில்லை, கீழ்நாட்டுச் சமவெளிப் பறவை. ஆண்குருவி முடையும்; பெண்குருவி வந்து பார்த்து, பிடித்தால் குடியேறும், பிடிக்காவிட்டால் அடுத்த கூட்டைப் பார்க்கும். இன்னும் தூரம் போனால், ஆழ்கடலில் ‘வீனசின் பூக்கூடை’ என்றொரு கடற்பஞ்சு வாழ்கின்றது. அதன் உடம்பு கண்ணாடி இழைகளால் முடைந்த நீண்ட கூடை. அதற்குள் ஆணும் பெண்ணுமாக இரண்டு சிறு இறால்கள் குஞ்சாக நுழைந்து, வளர்ந்து பெருத்தபின் கண்ணி வழியே வெளியேற முடியாமல் ஆயுள் முழுவதும் அங்கேயே தங்கிவிடுமாம். அதனால் யப்பானில் அதை மணமக்களுக்குப் பரிசாகக் கொடுப்பதுண்டு. அந்தக் கூடை உடம்பு கடலோட்டத்தின் இழுப்பைக் குறைக்கும் விதத்தை 2021 இல் விஞ்ஞானிகள் கணிப்பொறியில் ஆராய்ந்து வெளியிட்டார்கள்.

இனி நம் சமயத்துக்கு வருவோம். மிஷன் பாடசாலையில் படித்த எமக்குக் கூடை என்றதும் முதலில் நினைவுக்கு வருபவை விவிலியக் கதைகள் என்பதை மறைப்பானேன்? நாணற் பேழையில் ஆற்றோரம் விடப்பட்ட குழந்தை மோசே, தமஸ்கு நகரத்து மதிலிலிருந்து கூடையில் இறக்கப்பட்ட பவுல், ஐயாயிரம் பேர் உண்டபின் மிஞ்சிய பன்னிரண்டு கூடை அப்பம். இவற்றை மனப்பாடம் செய்து பரிசும் பெற்றிருக்கின்றோம். நம் கண்ணனையும் வசுதேவர் கூடையில் வைத்துத் தலைமேல் சுமந்து யமுனையைக் கடப்பதாகத்தான் ஓவியர் எல்லோரும் வரைகின்றார்கள். ஆனால் இந்தக் கதைகளில் எல்லாம் கூடைக்குள் இருப்பவரே பெரியவர். கூடையைச் சுமப்பவனே கடவுளாக இருக்கும் கதை ஒன்று உண்டு. அதைப் பாடசாலையில் நாம் கேட்கவில்லை. லயத்துக் காம்பராவில், அடுப்படியில் இருந்து, அப்பாயி சொல்லக் கேட்டோம்.

வைகை பெருகிக் கரையை உடைக்கின்றது. வீட்டுக்கு ஓர் ஆள் வந்து தன் பங்குக் கரையை அடைக்கவேண்டும் என்பது பாண்டியனின் ஆணை. பிட்டு விற்றுப் பிழைக்கும் கிழவி வந்திக்கு ஆளில்லை. சொக்கநாதர் கூலியாளாக வருகின்றார். கூலி, உதிர்ந்த பிட்டு. பிட்டை உண்டுவிட்டு, மண்ணை வெட்டாமல் ஆடிப் பாடித் திரிந்து, கூடையைத் தலைக்கு வைத்து உறங்கியும் விடுகின்றார். அரசன் வருகின்றான், பிரம்பை ஓங்கி முதுகில் அடிக்கின்றான். அந்த அடி அரசன்மீதும், அமைச்சர்மீதும், உலகத்து உயிர்கள் அனைத்தின்மீதும் விழுகின்றது. அடி வாங்கியவர் ஒரு கூடை மண்ணைக் கொட்டிவிட்டு மறைகின்றார், கரை அடைபடுகின்றது. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணம் சொல்லும் கதை இது. மதுரையில் ஆவணி மூலத்தன்று இதையே விழாவாக எடுக்கின்றார்கள்.

பிரம்பினால் கூடையும் முடையலாம், முதுகிலும் அடிக்கலாம் என்பதைக் கவனித்தீர்களா? கதையைச் சொல்லி முடித்ததும் அப்பாயி ஒவ்வொரு முறையும் எம்மைப் பார்த்துக் கேட்பார்: “சாமிக்கே பிட்டுத்தானய்யா கூலி. அதுலயும் உதிர்ந்தது. யாரு நிறுத்துப் பாத்தா?” சிறுவயதில் இது எமக்கு விளங்கவில்லை. நிறுவையைப் பற்றிய கேள்வி புராணத்துக்குள் எப்படி வந்தது என்று நினைத்துக்கொள்வோம். அதற்குப் பிறகு வருவோம்.

உடைந்த கரையை மண்கூடையால் அடைத்தது புராணம். இக்காலத்துப் பொறியியலாளர் மண்ணைத் தாங்குவதற்குக் கூடையையே நிறுத்துகின்றார்கள். வீதியோரங்களில் கம்பிவலைப் பெட்டிக்குள் கருங்கல்லை நிரப்பி, படிபடியாக அடுக்கியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு மேனாட்டார் வைத்த பெயரின் மூலப்பொருள் இத்தாலிய மொழியில் ‘பெருங்கூண்டு’ என்பது. நாம் கற்கூடை எனலாம். சீமெந்தினால் அடைத்துக் கட்டிய சுவரில் நீர் கசியத் துளை வைக்காவிட்டால், மழைக்காலத்தில் மண்ணுக்குள் தேங்கும் நீர் சுவரைத் தள்ளிவிடும். கற்கூடையோ மண்ணை நிறுத்திக்கொண்டு நீரை விட்டுவிடுகின்றது. நிலம் சிறிது அசைந்தால் தானும் சிறிது வளைந்து கொடுக்கின்றது. சீமெந்துச் சுவர் அவ்விதம் வளையாது, வெடிக்கும்.

கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்ரோபர் 29 ஆந் திகதி காலை மலை சரிந்து லயங்களை மூடியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வாப் புயல் வந்தபோது மலைநாட்டில் எத்தனை இடங்களில் மண் சரிந்தது, நம் புகையிரதப் பாதைக்கு என்ன நேர்ந்தது என்பதை இங்கிருப்போருக்கு நாம் சொல்லவேண்டியதில்லை. கற்கூடை அடுக்கியிருந்தால் இவை நேர்ந்திரா என்று கூறுவது அறியாமை. மலையே நழுவும்போது கூடை என்ன செய்யும்? அங்கே வேண்டியது, மக்களை வேறிடத்தில் குடியேற்றுவதுதான். ஆனால் லயத்துக்குப் பின்னாலுள்ள சிறிய மண்மேடுகளுக்குக் கற்கூடை போதும். கல் நம்மிடம் உண்டு. கம்பிவலைதான் வாங்கவேண்டும்.

அடுத்து, வீட்டுப் பிராணிகள். கொழுந்துக் கூடையின் கடைசிக்காலம் கோழியோடு கழிவதை நீங்கள் எல்லோரும் கண்டிருப்பீர்கள். அடி தேய்ந்து, விளிம்பு கழன்ற கூடையில் வைக்கோலைப் பரப்பி, அடைக்கோழியை முட்டைமேல் உட்காரவைத்து, காம்பராவின் இருண்ட மூலையில் வைப்பார்கள். இருபத்தொரு நாள். கோழிப்பேன் பற்றாதிருக்க வைக்கோலுக்கு அடியில் அடுப்புச் சாம்பல் தூவுவார்கள். அட்டைப்பெட்டியிலும் வைக்கலாம், வாளியிலும் வைக்கலாம். ஆனால் ஈரம் தங்கி முட்டை கெடும். கூடையில் காற்று வந்துபோகும். நாய்க்கும் பூனைக்கும் படுக்கையாகக் கூடையை வாங்குவது பட்டணத்து வழக்கம். நம் குளிருக்கு அதுவும் நல்லதே. தை, மாசியில் புல்லின்மேல் உறைபனி விழும் ஊரில், சீமெந்துத் தரையில் படுக்கும் நாய்க்குக் கூடையில் பழைய சாக்கை மடித்துப் போட்டால் தரைக்குளிர் ஏறாது. ஒன்று மட்டும் கவனிக்கவேண்டும். மூங்கிற் சிராய் நீட்டிக்கொண்டிருந்தால் அரத்தால் தேய்த்துவிடுங்கள். குஞ்சின் காலிலும் நாய்க்குட்டியின் வாயிலும் அது குத்தும். வைத்தியசாலைக்கு மிருகத்தைக் கொண்டுபோவோர் காற்றுப் புகாத பெட்டியில் அடைத்துச் செல்லாமல் மூடிய கூடையில் கொண்டுபோவது உத்தமம்.

இப்போது கொழுந்துக் கூடைக்கு வருவோம். சுற்றிச் சுற்றி வந்ததெல்லாம் இதற்காகத்தான்.

ஜேம்ஸ் டெயிலர் 1867 இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். இரண்டு ஆண்டுகளில் கோப்பிக்கு இலைநோய் வந்தது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பி அழிந்து தேயிலை மலைகளை மூடியது. கோப்பிக்குப் பழம் பறிக்கும் காலம் ஒன்று உண்டு. தேயிலைக்கு அவ்விதக் காலம் இல்லை. ஆண்டு முழுவதும், கிழமைக்குக் கிழமை, இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளிக்கொண்டே இருக்கவேண்டும். கோப்பிக்காலத்தில் பருவத்துக்கு வந்து போனவர்கள் தேயிலைக்காலத்தில் குடும்பமாக லயங்களில் தங்கியதற்கு இதுவே காரணம். அதனால் கூடையும் பெண்களின் முதுகில் தங்கிவிட்டது.

இரண்டு கையும் கிள்ளுவதற்கு வேண்டும். ஆகவே கூடையைக் கையிலும் பிடிக்கமுடியாது, இடுப்பிலும் வைக்கமுடியாது. கயிற்றைத் தலையில் மாட்டி முதுகில் தொங்கவிடவேண்டும். கிள்ளிய கொழுந்தைத் தோளுக்கு மேலாகப் பின்னால் எறிந்தால், பார்க்காமலே கூடைக்குள் விழும். இப்படித் தலையாலும் நெற்றியாலும் சுமப்பது நம்மவரிடம் மட்டும் உள்ள வழக்கமன்று. கென்யாவில் கிக்கூயுப் பெண்கள் நெற்றிப்பட்டையால் சுமக்கின்றார்கள். லுவோப் பெண்கள் உச்சந்தலையில் வைத்துச் சுமக்கின்றார்கள். இவ்விரு கூட்டத்தாரையும் நடைப்பொறியில் நடக்கவைத்து ஆராய்ந்தவர்கள் 1986 இல் ‘நேச்சர்’ சஞ்சிகையில் எழுதினார்கள்: தம் உடல் நிறையில் ஐந்தில் ஒரு பங்குவரை, மேலதிகச் சக்தி எதுவும் செலவாகாமலே அப்பெண்கள் சுமக்கின்றார்கள் என்று. நேபாளத்துச் சுமைகாரரைப் பற்றி 2005 இல் ‘சயன்ஸ்’ சஞ்சிகையில் வந்த ஆராய்ச்சி, நெற்றிப்பட்டையால் தம் உடல் நிறைக்குக் கிட்டத்தட்டச் சமமான சுமையை அவர்கள் மலையேற்றுவதைக் காட்டிற்று.

இதைப் படித்ததும் எமக்குப் பெருமையாக இருந்தது. உடனே அச்சமும் வந்தது. ‘பாருங்கள், விஞ்ஞானமே சொல்லிவிட்டது, அவர்களுக்குக் கனமே தெரியாது’ என்று யாராவது சொல்லிவிடுவார்களே! நாற்பத்தைந்து கிலோ நிறையுள்ள பெண்ணுக்கு ஐந்தில் ஒரு பங்கு ஒன்பது கிலோ. அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு கிலோவும் கனக்கத்தான் செய்யும். மேலும் அங்கே நடந்தது பொறியின்மேல். இங்கே ஏறுவது மழையில் வழுக்கும் மலை. வயதான நம் பெண்கள் பலருக்குக் கயிறு பட்ட இடத்தில் முடி தேய்ந்திருப்பதைக் காண ஆராய்ச்சிக்கூடம் வேண்டியதில்லை.

மூங்கிற் கூடையில் நன்மையும் உண்டு. பறித்த கொழுந்து இறந்துவிடுவதில்லை. அது தொடர்ந்து மூச்சு விடுகின்றது, சூடு வெளியிடுகின்றது. இறுக்கித் திணித்தால் சூடு ஏறும். நசுங்கினால் சாறு வெளிப்பட்டு, தொழிற்சாலையில் நடக்கவேண்டிய மாற்றம் வழியிலேயே தொடங்கிக் கொழுந்து சிவந்துவிடும். சிவந்த கொழுந்தில் நல்ல தேயிலை வராது. கூடையில் காற்று நுழைவதால் இந்தக் கேடு குறைவு. ஆயினும் பல தோட்டங்களில் இன்று மூங்கிற் கூடை இல்லை. நைலோன் சாக்கு அல்லது வலைப்பை, சில இடங்களில் பிளாஸ்டிக் கூடை. முடைபவர்கள் குறைந்துவிட்டார்கள், முடைவதை இழிதொழிலாகப் பார்த்த நம்மவரின் பார்வையும் அதற்கு ஒரு காரணம் என்பதைச் சபையில் சொல்லத்தான் வேண்டும். சாக்கு மலிவு, மடித்து வைக்கலாம், கனமில்லை. தேயிலைப் பெட்டியின் படத்திலும், வெளிநாட்டார் நிழற்படம் எடுக்கும் இடத்திலும் மாத்திரம் அழகான மூங்கிற் கூடையும் பட்டுச்சேலையும் இருக்கின்றன. கூடை போனதற்காக நாம் அழ வரவில்லை. சுமப்பவளுக்குச் சாக்கு இலேசானால் சாக்கே இருக்கட்டும்.

ஆனால், மூங்கிற் கூடை போனபின்னும் அதன் எடை போகவில்லை. அதைத்தான் பேச வந்தோம்.

கொழுந்து நிறுக்கும்போது கூடையோடு சேர்த்துத் தராசில் மாட்டுவார்கள். கூடையின் எடையைக் கழிக்கவேண்டும், அது நியாயம். மழைநாளில் இலையில் நிற்கும் நீரையும் கழிக்கவேண்டும். அதுவும் நியாயமே, நீருக்குச் சம்பளம் கேட்பது சரியன்று. நியாயமில்லாதது, கண்மதிப்பாகக் கழிப்பது. வெயில் அடித்தாலும் மழை பெய்தாலும், கூடையானாலும் சாக்கானாலும், ஒரே தொகையைக் கழிக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. எந்தத் தோட்டம், எவர் என்று பெயர் சொல்வது எமது நோக்கமன்று. கேட்பவர்களுக்குத் தெரியும்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நிறுவைக்கு இரண்டு கிலோ கழிப்பதாக வைத்துக்கொள்வோம். நாளுக்கு மூன்று நிறுவை, ஆறு கிலோ. மாதத்துக்கு இருபது நாள் வேலை என்றால் 120 கிலோ. ஒரு பேருக்குப் பதினெட்டுக் கிலோ என்று வைத்தால், இது ஆறு பேருக்கும் மேல்; ஏறக்குறைய ஏழாவது பேரையும் தொடுகின்றது. சம்பளச் சபை 2021 இல் நாட்சம்பளத்தை 1,000 ரூபாய் என்றும், 2024 இல் 1,350 ரூபாய் என்றும் நிர்ணயித்தது. 1,350 என்றே வைத்துப் பேர்க்கணக்கில் பெருக்கினால் அந்த 120 கிலோவின் பெறுமதி 9,000 ரூபாய். கழிப்பதில் பாதி நியாயமானது என்று விட்டுக்கொடுத்தாலும் மீதி 4,500 ரூபாய். சம்பளத்தை நூறு ரூபாய் கூட்டுவதற்கு எத்தனை ஊர்வலம், எத்தனை மறியல், எத்தனை பேச்சுவார்த்தை! தராசின் முள்ளருகே சத்தமில்லாமல் போவதை யாரும் ஊர்வலம் வைத்துக் கேட்டதில்லை. இன்னும் ஒன்று. பதினேழு கிலோவில் நின்றுபோனவளுக்கு அரைப்பேர் என்று எழுதும் இடத்தில், அந்த ஒரு கிலோ ஒரு கிலோவன்று, அரைநாள்.

அப்பாயியிடம் இதைப் பற்றிக் கேட்டோம். முப்பது ஆண்டுக்கு மேல் கொழுந்தெடுத்தவர். கூடை கனக்குமா என்றோம். “கூட கனக்காதுய்யா. கூடக்கிக் கழிப்பானுக பாரு, அதுதான் கனம்” என்றார். யார் நிறுத்துப் பார்த்தார்கள் என்று பிட்டுக் கதையின் முடிவில் அவர் கேட்ட கேள்வி அன்றுதான் எமக்கு விளங்கிற்று.

நாம் படித்தவர்கள் செய்யக்கூடியது என்ன? மறியல் செய்வதற்குத் தொழிற்சங்கங்கள் உண்டு. அது அவர்கள் வேலை. நம் சங்கத்துக்கு ஏற்றது சிறியது. நாட்டில் 1995 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்க அளவீட்டுச் சட்டம் என்று ஒன்று உண்டு. வியாபாரத்துக்குப் பயன்படும் தராசு பரிசோதிக்கப்பட்டு முத்திரை பெறவேண்டும் என்பது அதன் ஏற்பாடு. கடைக்காரனின் தராசில் முத்திரை உண்டா என்று பார்க்கும் நாம், கொழுந்து மடுவத்துத் தராசில் முத்திரை உண்டா என்று பார்க்கின்றோமா? அடுத்தது, வெறுங்கூடையை அல்லது வெறுஞ்சாக்கைக் காலையில் எல்லோர் முன்னிலையிலும் ஒருமுறை நிறுத்து, அந்தத் தொகையைத் துண்டில் எழுதி அதையே கழிக்கலாம். இதற்கு ஐந்து நிமிடம் போதும். நீருக்கு, ஒரு கிலோக் கொழுந்தை உதறி மறுபடி நிறுத்துப் பார்த்தால் எவ்வளவு கழிக்கலாம் என்பது தெரிந்துவிடும். கணக்கப்பிள்ளைமாரும் நம் உறவினர்தாம். இங்கேயும் சிலர் இருக்கின்றார்கள். இப்படிச் செய்தால் அவர்களுக்கும் ஏச்சு மிஞ்சும்.

வெறும் பேச்சாகப் போய்விடக் கூடாது என்று ஒரு சிறு பரிசோதனை செய்தோம். எம் வீட்டுக் கோழி கடைசியாக அடைகாத்த கூடையைக் கழுவி, அடுப்பின்மேற் பரணில் மூன்று நாள் காயவைத்து நிறுத்தோம். பிறகு ஓர் இரவு மழையில் வைத்து மறுபடி நிறுத்தோம். முள் தெளிவாக மேலே ஏறிற்று. ஒரே கூடைக்கு இரண்டு எடை. அதன் பிறகு கொழுந்துச் சாக்கு ஒன்றை மாட்டினோம். முள் அசைந்ததா இல்லையா என்பதில் எமக்கும் தம்பிக்கும் வாக்குவாதம் வந்தது.

அந்தக் கூடையும் சாக்கும் இதோ மேடைக்குப் பக்கத்தில் இருக்கின்றன. சங்கச் செயலாளர் கடையிலிருந்து இரவல் வாங்கிவந்த முத்திரைத் தராசும் இருக்கின்றது. பிரசாதம் வாங்கப் போகும் வழியில் ஒவ்வொருவராக வந்து மாட்டிப் பாருங்கள். தாய்மார்கள் முதலில் வரவும். பார்த்த எடையைப் பக்கத்திலுள்ள கொப்பியில் எழுதிவிட்டுப் போங்கள்.